பிராட்வே டிக்கெட்டா? முதலில் கவுண்டரில் கேளுங்கள்

ஊரிலிருந்து நியூயார்க் வரும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் டைம்ஸ் ஸ்கொயர் பக்கத்துப் பெரிய தியேட்டர்களில் நடக்கும் பிராட்வே நாடகம் ஒன்றாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசையோடு வருகிறார்கள். அப்புறம் போனில் விலையைப் பார்த்துவிட்டு "இதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது" என்று சுதந்திர தேவி சிலையை மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவே மாட்டேன் என்கிறது, ஏனென்றால் அவர்கள் பார்த்தது பல நேரம் தியேட்டர் வைத்த விலையே கிடையாது. நாடகத்தின் பெயரைக் கூகுளில் தட்டினால் மேலே விளம்பரமாக வந்து நிற்பது மறுவிற்பனைத் தளமாக இருக்கலாம். பார்க்க அசல் தளம் மாதிரியே இருக்கும், அதே சீட்டை இரண்டு மடங்கு விலைக்கு விற்பதும் உண்டு.

அதனால் நாடகத்தின் சொந்தத் தளத்தைத் தேடிப் பிடியுங்கள். டிக்கெட் வாங்க அங்கிருந்து எந்தத் தளத்துக்கு அனுப்புகிறார்களோ அதுதான் சரியான இடம். உதாரணமாக, ஷூபர்ட் நிறுவனத்தின் தியேட்டர்களுக்கு டெலிசார்ஜ் என்ற தளம். 2025 மே மாதத்திலிருந்து அமெரிக்காவில் ஒரு விதி வந்திருக்கிறது: நேரடி நிகழ்ச்சி டிக்கெட் விற்பவர்கள் கட்டாயக் கட்டணங்களையெல்லாம் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும். நல்ல விதிதான், ஆனால் அது கட்டணத்தைக் கண்ணுக்குக் காட்டுகிறதே தவிர குறைக்கவில்லை.

குறைக்க வழி, நேரே தியேட்டர் வாசலுக்குப் போவது. ஆன்லைனில் ஒவ்வொரு டிக்கெட்டின் மேலும் ஏறும் சர்வீஸ் சார்ஜ் பாக்ஸ் ஆபீஸ் ஜன்னலில், அதாவது தியேட்டரின் சொந்த டிக்கெட் கவுண்டரில் கிடையாது, நான்கு பேர் குடும்பத்துக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. அதைவிட முக்கியம், உள்ளே இருப்பவரிடம் பேசலாம். "எங்கள் பட்ஜெட் இவ்வளவு, எந்த நாள் வந்தால் நல்ல சீட் கிடைக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஆர்கெஸ்ட்ரா என்கிற கீழ்த்தளத்தில் ஓரத்து சீட்டைவிட, மெசனைன் என்கிற மாடியில் நடுவே முதல் சில வரிசைகள் எவ்வளவோ மேல் என்று அவரே சொல்லுவார், நடனம் நிறைய இருக்கும் நாடகத்துக்கு நானும் மாடியைத்தான் சொல்லுவேன். 'பார்ஷியல் வியூ' என்று மலிவாக விற்கும் சீட்டில் எதை மறைக்கிறது, தூணா, பால்கனிக் கம்பியா, மேடையின் ஒரு மூலையா என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

இன்ன நாடகம்தான் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு டைம்ஸ் ஸ்கொயரில் 47ஆவது தெரு பக்கம், சிவப்புப் படிக்கட்டுக்குக் கீழே டிகேடிஎஸ் கவுண்டர் இருக்கிறது. டிடிஎஃப் என்ற லாப நோக்கற்ற அமைப்பு 1973இலிருந்து நடத்துகிறது. விற்காமல் மிஞ்சிய சீட்டுகளை அன்றைக்கே பாதி விலை வரைக்கும் தள்ளுபடியில் கொடுப்பார்கள். சீட் நம்பரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, எல்லோரும் முட்டி மோதும் நாடகம் அங்கே வரவும் வராது. என்ன இருக்கிறது என்பதை அவர்களுடைய ஆப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம், ஆகவே இரண்டு மூன்று நாடகங்களை மனதில் வைத்துக்கொண்டு வரிசையில் நில்லுங்கள். பக்கத்தில் வந்து "இதைவிடக் குறைவாக நான் தருகிறேன்" என்று பேச்சுக் கொடுப்பவர்களிடம் மட்டும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் மலிவு டிக்கெட்டுக்கு இன்னும் இரண்டு வழிகள்: ரஷ், லாட்டரி. 1996இல் 'ரெண்ட்' நாடகத்துக்கு முதல் இரண்டு வரிசைச் சீட்டுகளை, முதலில் வந்து நிற்பவர்களுக்கு 20 டாலருக்குக் கொடுத்தார்கள், அதற்காக இளைஞர்கள் ராத்திரியெல்லாம் தெருவிலேயே படுத்துக் கிடக்க, அந்த முறையை விட்டுவிட்டுக் குலுக்கலுக்கு மாறினார்கள். இன்றைக்குப் பல நாடகங்களுக்கு இந்தக் குலுக்கல் போனிலேயே நடக்கிறது. 'ஹாமில்டன்' நாடகத்துக்கு லாட்டரி விலை 10 டாலர், நாடகத்தின் நாயகன் அலெக்சாண்டர் ஹாமில்டனின் படம் 10 டாலர் நோட்டில் இருப்பதால். விழுந்தால் சந்தோஷம், ஆனால் ஊருக்கு விமானம் ஏற வேண்டிய கடைசி நாளில் இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ரஷ் என்பது காலையில் ஜன்னல் திறந்ததும் முதலில் வருபவர்களுக்குச் சில சீட்டுகள், சில நாடகங்களில் மாணவர்களுக்கு மட்டும்.

நாளைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஜனவரி, பிப்ரவரி, செப்டம்பர் பாருங்கள். கூட்டம் குறைவு, ஒரு டிக்கெட் விலைக்கு இரண்டு தரும் 'பிராட்வே வீக்' சலுகையும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் வரும். கிறிஸ்துமஸ் வாரம் நேர்மாறு, கேட்பவர்கள் கூடக் கூடத் தியேட்டரே விலையை ஏற்றிவிடும். பள்ளி விடுமுறை என்று அப்போதுதான் வர முடியும் என்பவர்கள், சனிக்கிழமை இரவை விட்டுவிட்டுப் புதன்கிழமை மதியக் காட்சிக்கு என்ன விலை என்று கேளுங்கள்.