மூன்று என்றால் மூன்று

சர்வர்களில் செயலிகளை இயக்கிப் பராமரிக்கும் குபெர்னெட்டிஸ் என்ற மென்பொருளைக் கற்றுவருகிறேன். அதில் ஓடிக்கொண்டிருந்த பாட் ஒன்றை, அதாவது செயலியின் ஒரு பிரதியை, இன்று காலை வேண்டுமென்றே அழித்தேன்.

மடிக்கணினியிலேயே குபெர்னெட்டிஸை ஓட்டிப் பழக மினிகியூப். என்ன வேண்டும் என்று அதற்குச் சொல்லும் யாமல் கோப்பில் ரெப்ளிகா 3, அதாவது எப்போதும் மூன்று பாட்கள், என்று எழுதியிருந்தேன்.

அழித்ததும் பாட்களின் பட்டியலை மறுபடி கேட்டேன். மூன்று இருந்தன! இரண்டின் வயது 26 நிமிடம், மூன்றாவதற்கு 4 நொடி. பெயரின் கடைசி ஐந்து எழுத்துகளும் புதியவை. பழையது எழுந்து வரவில்லை. அதன் இடத்தில் வேறொன்று பிறந்திருக்கிறது.

அந்த 4 நொடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

'இதைச் செய், பிறகு அதைச் செய்' என்றே சர்வருக்குக் கட்டளை எழுதிப் பழகியவன் நான். நள்ளிரவில் செயலி விழுந்தால் எழுந்து உட்கார்ந்து மீண்டும் இயக்கியவனும் நான்தான். குபெர்னெட்டிஸிடம் எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னால் போதும். சொன்னதையும் இருப்பதையும் ஓயாமல் ஒப்பிட்டு, குறைந்ததை அதுவே நிரப்புகிறது.

2014-ல் கூகுள் வெளியிட்ட இதன் பெயர் கிரேக்கச் சொல். சுக்கான் பிடித்துக் கப்பலைச் செலுத்துபவர் என்று பொருள். நம்மிடம் அதற்கு மீகாமன் என்ற அழகான சொல் இருக்கிறது. என் குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறேன்.

நாளை சர்வீஸ் பாடம். புதிய பாட் பிறக்கும்போதெல்லாம் ஐபி முகவரியும் மாறிவிடுகிறதே, தேடி வருகிறவர்களுக்கு யார் வழிகாட்டுவது என்று பார்க்க வேண்டும்.