போக ஓட்டம், வர பஸ்

அக்டோபர் 6, 2024, ஞாயிறு

பினாங்கில் என்கூட ஓடிக்கொண்டிருந்த தோழி வேலை மாற்றலாகி ஜொகூர் பாரு போய்விட்டாள். டிசம்பர் பினாங்குப் பாலம் மாரத்தானுக்கு நான் மட்டும்தான். 42.195 கிலோமீட்டர். நீண்ட ஓட்டமெல்லாம் இனி தனியாக.

இன்று யூத் பார்க்கைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். பாதுகாப்பான இடம், கழிவறை உண்டு, சீன ஆன்ட்டிகள் தைச்சி செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் என் கார் கண்ணில் படுகிறது. இரண்டு பேராக ஓடினால், நிற்க நினைப்பவள் மற்றவளுக்கு வெட்கப்பட்டாவது ஓடுவாள். தனியாக ஓடுகிறவள் யாருக்கு வெட்கப்படுவது? 12 கிலோமீட்டரில் கார் ஜெயித்தது.

அக்டோபர் 9, புதன்

காலையில் மழை. மாலையில் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளை ஏறினேன், 513 படி. பாதியில் மூச்சு வாங்கியது. ஆனாலும் 'எதற்கு ஏறுகிறோம்' என்ற கேள்வியே வரவில்லை. சாமி மேலே இருக்கிறார், போய்த்தான் ஆக வேண்டும். இறங்கும்போது ஒரு யோசனை: ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கும் போய்ச் சேர ஓர் இடம் இருந்தால்? தீவின் வடமேற்கு மூலையிலுள்ள தெலுக் பஹாங் வரை ஓடுவது, 101 பஸ் பிடித்துத் திரும்புவது.

அக்டோபர் 13, ஞாயிறு

ஐந்தரைக்குப் பாடாங் கோத்தாவில் கிளம்பினேன். நம் ஊரில் ஏழு மணிக்கு மேல்தான் சூரியன். 1982-இல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்த புண்ணியம். வெயில் வருவதற்குள் கணிசமான தூரம் போய்விடலாம். இருட்டில் பெண் தனியாக ஓடுவது பற்றி அம்மாவிடம் தனியாகவே ஒரு சொற்பொழிவு இருக்கிறது. அதனால் விடியும்வரை ஆள் நடமாட்டமுள்ள கர்னி டிரைவ் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் இருப்பிடமும் போய்க்கொண்டே இருந்தது.

தஞ்சோங் பூங்கா மிதக்கும் மசூதி தாண்டியதும் சாலை மேடும் வளைவுமாக மாறிவிடும். சில இடங்களில் நடைபாதையே கிடையாது. காதில் பாட்டு வேண்டாம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓட வேண்டும். இந்த ஈரக்காற்றில் வியர்வை காய்வதில்லை. உடம்பு குளிராமல், அதே வேகத்தில் ஓடினாலும் இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். கைக்கடிகாரம் அதைப் பார்த்துப் பதறும். அதைக் கழற்றிப் பையில் போட்டேன். வாய்விட்டுப் பேச முடிகிற வேகம் போதும் என்பார்கள். பேச ஆள் இல்லாததால் மேட்டைத் திட்டிக்கொண்டே ஓடினேன். தூண்டிலோடு நின்ற ஒரு மாமா திரும்பிப் பார்த்தார்.

பத்து பிரிங்கி தாண்டி எங்கேயோ, நீண்ட ஓட்டத்தில் வரும் என்று ஓடுபவர்கள் சொல்லும் அந்தக் கிறக்கம் வந்தது. வந்தபோது தெரியவில்லை, கொஞ்ச நேரமாக எதையுமே கணக்குப் போடவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. கால் தன்பாட்டுக்குப் போகிறது, இடது பக்கம் மலை, வலது பக்கம் கடல், எனக்குச் சிரிப்பாக வருகிறது. இதற்கு எண்டோர்பின் என்ற வலி குறைக்கும் சுரப்புதான் காரணம் என்று வெகுகாலம் சொன்னார்கள். அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் போகாது என்பதால், உடம்பே சுரக்கும் ஆனந்தமைடு போன்ற பொருள்கள் மேல் இப்போது ஆய்வாளர்களின் கண் விழுந்திருக்கிறது. எதுவாக இருந்தால் என்ன, கூப்பிட்டால் வராது. முதல் ஒரு மணி நேரத்தில் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

கடைசி மூன்று கிலோமீட்டர் வெறும் வலி. அடுத்த விளக்குக் கம்பம், அதற்கடுத்தது.

தெலுக் பஹாங்கில் தே ஓ, அதாவது பால் இல்லாத தேநீர், குடித்துவிட்டு பஸ் ஏறினேன். "காக், லாரி டாரி மானா?" என்றார் ஓட்டுநர், எங்கிருந்து ஓடி வருகிறீர்கள் அக்கா என்று. பாடாங் கோத்தா என்றேன். கண்ணாடி வழியாக என்னைக் கால்முதல் தலைவரை அளப்பவர்போல் பார்த்தார். உண்மையைச் சொன்னால் ஓட்டத்தைவிடத் திரும்பும் பயணம்தான் சுகம். ஓடிவந்த சாலை முழுவதும் பின்னோக்கி ஓடுகிறது. இவ்வளவு தூரமா வந்தோம் என்று வளைவுக்கு வளைவு ஆச்சரியம். பஸ்ஸின் ஏர்கான் மட்டும் ஈர உடம்பைக் கொன்றுவிடும். மாற்றுச் சட்டை அவசியம்.

அக்டோபர் 20, ஞாயிறு

அதே பாதை. பத்து பிரிங்கியில் இடி மின்னல். ஓட்டத்தை முடித்து ரொட்டி சானாய் கடையில் ஒதுங்கினேன். பஸ் ஓடும் சாலையிலும் ஒரு தொல்லை உண்டு: ஒவ்வொரு நிறுத்தமும் 'வந்து உட்கார்' என்கிறது. சரி, இடிக்குப் பயப்படுவதில் வெட்கம் இல்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

வியாழக்கிழமை தீபாவளி. வீட்டில் முறுக்கு அச்சு உடைந்துவிட்டது, சித்தி வீட்டில் இரண்டு இருக்கின்றன. சித்தி இருப்பது பாயான் லெப்பாஸில். போய்ச் சேர இடம் தேடிக்கொண்டிருந்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பாதை தட்டை, மேகமூட்டம். வழியில் கடல்மேல் பாலம் நீண்டு கிடந்தது. 1985-இல் திறந்தது, 13.5 கிலோமீட்டர். சாதாரண நாளில் அதில் கால் வைக்க முடியாது. டிசம்பரில் அதில் ஓடப்போகிறோம் என்று நினைத்ததும் வயிற்றைக் கலக்கியது, வேகமும் கூடியது. இன்று ஆனந்தமைடு எல்லாம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் நிற்கத் தோன்றவில்லை, அச்சு இல்லாமல் திரும்பினால் அம்மா சும்மா விடமாட்டார்.

கதவைத் திறந்த சித்தி எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"காரு எங்கடி?"

"ஓடி வந்தேன், சித்தி."

"ஏன், காரு கெட்டுப்போச்சா?"

இட்லி வைத்தார். அப்புறம் அச்சோடு ஒரு டின் அதிரசமும் கொடுத்து, சித்தப்பாவை வண்டி எடுக்கச் சொன்னார். பஸ் காசு மிச்சம். அடுத்த வாரம் பட்டர்வொர்த் பெரியம்மா வீடு, பெர்ரி இறங்கியதும் ஓட்டம்.