ஃபோன் மேப் இல்லாமல் ஜார்ஜ் டவுன்: இதுவரை வரைந்தது

ஞாபகசக்திக்குப் பயிற்சியாக, சென்னை ஜார்ஜ் டவுன் தெருக்களைப் பார்க்காமல் வரைய வேண்டும் என்று ஒரு வேலையைப் பிடித்திருக்கிறேன். ஃபோனைப் பையிலிருந்து எடுக்காமல் நடக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும், டீ போடுவதற்கு முன்னால், போன வழியை நோட்டில் பென்சிலால் வரைய வேண்டும். தெருப் பெயர், அங்கே என்ன வியாபாரம், அது எங்கே போய் முட்டுகிறது, மூன்றும் படத்தில் இருக்க வேண்டும்.

எனக்கு அறுபது நெருங்குகிறது. வீடு பழைய வண்ணாரப்பேட்டை. சின்ன வயதிலிருந்து பாரிமுனைக்குப் போய் வருகிறவள்தான். ஆனால் போவதும் வருவதும் ஒரே வழி.

இதற்கு முன்னால் மகன் ஃபோனில் மூளைப் பயிற்சி விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். பாயிண்ட் மளமளவென்று ஏறியது. மளிகைக் கடைக்கு என்ன வாங்கப் போனேன் என்பது மட்டும் அப்போதும் மறந்துகொண்டே இருந்தது. இந்த மாதிரி விளையாட்டுகளில் அந்த விளையாட்டில்தான் கை தேறும் போலிருக்கிறது. ஞாபக மறதியைத் தடுக்கும் என்கிற மாதிரி விளம்பரம் செய்ததற்காக 2016இல் அமெரிக்காவில் ஒரு செயலி நிறுவனம் 20 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது.

லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் விஷயம்தான் எனக்குச் சூடு பிடித்தது. அங்கே லைசென்ஸ் வாங்க சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அவர்கள் மூளையில் ஞாபகத்துக்கும் இடம் அறிவதற்கும் உதவும் ஹிப்போகேம்பஸ் என்கிற பகுதியின் பின்பக்கம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதாக 2000இல் எலினார் மக்வயர் என்கிற ஆராய்ச்சியாளரின் குழுவினர் காட்டினார்கள். 2011இல் இன்னொரு ஆய்வு: படித்துத் தேறியவர்களுக்கு அது வளர்ந்திருந்தது, தேறாதவர்களுக்கு வளரவில்லை. அல்சைமர் என்கிற மறதி நோய் முதலில் கைவைக்கும் இடங்களில் ஹிப்போகேம்பஸும் ஒன்று. அவர்கள் வருஷக்கணக்கில் படிக்கிறார்கள், நான் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறேன். அதே பலன் கிடைக்கும் என்று கணக்குப் போடவில்லை. நடை எப்படியும் நல்லதுதானே.

ஆரம்பத்தில் வரைந்த படங்களில் என்.எஸ்.சி. போஸ் ரோடு ஒரு கோடு, தங்கசாலைத் தெரு ஒரு கோடு, நடுவில் வெறும் தாள். தம்பு செட்டித் தெருவும் லிங்கி செட்டித் தெருவும் பக்கத்தில் பக்கத்தில் போவதால் எப்போதும் குழப்பம். காளிகாம்பாள் கோயில் இருப்பது தம்பு செட்டித் தெரு என்று பிடித்துக்கொண்ட பிறகு அது தீர்ந்தது. மற்றதுக்கெல்லாம் வியாபாரம்தான் கைகொடுத்தது. கோடவுன் தெரு என்றால் துணி, பந்தர் தெரு என்றால் நோட்டு, ஆண்டர்சன் தெரு என்றால் கல்யாணப் பத்திரிகை, தேவராஜ முதலி தெரு என்றால் கண்ணாடி. சரக்கை நினைத்தால் தெரு தானாக வந்து நின்றது.

அப்புறம் ஒரு நாள் வடக்கிலிருந்து உள்ளே நுழைந்தேன். அவ்வளவுதான், ஒன்றும் விளங்கவில்லை. எல்லாம் தெரிந்த தெரு, எல்லாமே இடம் வலம் மாறிக் கிடந்தது. மூட்டை தூக்குகிற ஒருவர், “இன்னாம்மா, அட்ரஸ் தேடுறியா?” என்று நின்று கேட்டார். இல்லைப்பா, தெரு மனப்பாடம் பண்றேன் என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “ஓரமா நின்னு பண்ணு, வண்டி வருது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது இதுதான். பழகிய வழியில் கால் தானாகப் போவதற்கு மூளையில் வேறு பகுதி வேலை செய்கிறது. இடத்தை மேலிருந்து பார்த்தது போல வைத்துக்கொள்வதுதான் ஹிப்போகேம்பஸின் வேலை. அதுவரை என்னிடம் இருந்தது வெறும் வழி. இப்போது ஒவ்வொரு தடவையும் வேறு பக்கமாக நுழைகிறேன். சில நாள் மெட்ரோவில் மண்ணடியில் இறங்கி, மேலே ஏறியதும் கடல் எந்தப் பக்கம் என்று ஊகித்துவிட்டு நடக்கிறேன். சுரங்கத்திலிருந்து வந்தால் திசை தெரியாது, அதனால் நல்ல பரீட்சை.

ஞாயிறு காலையில் இன்னொரு சிக்கல். ஷட்டர் இறங்கியிருந்தால் துணியும் இல்லை, கண்ணாடியும் இல்லை, எல்லாத் தெருவும் ஒரே சாம்பல் நிறம். கந்தகோட்டம் முருகன் கோயில் இருக்கும் ராசப்ப செட்டித் தெரு மட்டும் ஏமாற்றாது. கடை பூட்டியிருந்தாலும் நாட்டு மருந்து வாசனை வாசல்படியில் உட்கார்ந்திருக்கும்: வசம்பு, திப்பிலி, சுக்கு, அடியில் லேசாகச் சாம்பிராணி. வாசனை மட்டும் மற்ற புலன்களைப் போல மூளையின் நடுவே இருக்கும் தாலமஸ் என்கிற இடத்தில் நின்று போகாமல், ஞாபகம் சேரும் பகுதிக்கு நேராகப் போகிறது என்கிறார்கள். நம்புகிறேன்.

பக்கத்து வீட்டு அக்காவும் இப்போது வருகிறார். மண்ணடியில் பிறந்து வளர்ந்தவர். என் படத்தைப் பார்த்து, “பவளக்காரத் தெருவை எங்கடி கொண்டுபோய் வச்சிருக்க?” என்று சண்டை போடுவார். லான்செட் மருத்துவ இதழின் 2024 அறிக்கை, டிமென்ஷியா என்கிற மறதி நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும், ஆனால் மாற்றக்கூடிய காரணங்கள் என்று பதினான்கைச் சொல்கிறது. அதில் தனிமையும் ஒன்று. அக்காவோடு போனால் அந்தக் கவலை இல்லை. அதே பட்டியலில் பி.பி.யும் காது கேளாமையும் இருக்கின்றன. பி.பி. மாத்திரையைத் தவறவிடுவதில்லை. காதைப் பரிசோதிக்கப் போகணும் என்று மகள் தினம் நச்சரிக்கிறாள், இந்த மாதம் போய்விடுவேன்.

இப்போதைய நிலவரம்: பிராட்வேக்குக் கிழக்கே பெயர்களோடு சேர்த்து வரைய வருகிறது. மேற்கே தங்கசாலை வரைக்கும் பெரிய தெருக்கள் சரி, குறுக்குச் சந்துகள் பாதிதான். சௌகார்பேட்டைச் சந்துகளை மாலையில் பார்க்கலாம் என்கிறார் அக்கா. கச்சோரி சாப்பிடத்தான் அந்த யோசனை என்று தெரியும், வேண்டாம் என்று சொல்ல மனசில்லை.