நார்த்தூள் கன்வேயருக்கு கியர்பாக்ஸ் மாற்றிய அனுபவம்

பொள்ளாச்சி பக்கம் எங்களுக்கு தென்னை நார்த்தூள் கட்டி செய்யும் யூனிட் இருக்கிறது. கழுவிய தூளை மேலே இருக்கும் சல்லடைக்கு ஏற்றுகிற சாய்வு பெல்ட் கன்வேயரில், பழைய மெஷினோடு வந்த 3 ஹெச்.பி. வார்ம் கியர்பாக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டாரின் சுற்றைக் குறைத்துக் கொடுக்கிற பெட்டி அது; உள்ளே ஒரு ஸ்டீல் திருகு, வெண்கலப் பல்சக்கரத்தை (வீல்) சுற்றும். கொஞ்ச நாளாகவே கை வைக்க முடியாத சூடு. ஆயிலை இறக்கினால் தங்கப்பொடி கலந்த மாதிரி மின்னியது. வீலின் வெண்கலம் தேய்ந்து ஆயிலில் கரைந்துகொண்டிருந்தது. ஃபிட்டர் மூடியைக் கழற்றிக் காட்டியபோது பற்கள் கத்தி முனை போல மெலிந்திருந்தன.

கோவையில் விசாரித்தால் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: “எத்தனை ஹெச்.பி., என்ன ரேஷியோ சார்?” இந்த இரண்டை மட்டும் சொன்னால் போன கியர்பாக்ஸைப் போலவே இன்னொன்று வந்து சேரும், அதுவும் இதே வழியில்தான் போகும். அதனால் கணக்கை நாங்களே போட்டோம்.

டிரம் விட்டம் 320 மி.மீ., பெல்ட் வேகம் நொடிக்கு 0.8 மீட்டர். அப்படியானால் டிரம் நிமிடத்துக்கு 48 சுற்று. மோட்டார் 1440 சுற்று. ஒன்றை மற்றதால் வகுத்தால் ரேஷியோ 30. சுற்று 30 மடங்கு குறையும்போது முறுக்கு விசை, அதாவது டார்க், கிட்டத்தட்ட அந்த அளவுக்கு ஏறுகிறது. கிலோவாட்டை 9550-ஆல் பெருக்கி, வெளியே வரும் சுற்றால் வகுத்தால் நியூட்டன் மீட்டரில் டார்க் கிடைக்கும். 3 ஹெச்.பி., அதாவது 2.2 கிலோவாட்டுக்கு 438. இழப்பைக் கழிக்காத கணக்கு இது. சைஸ் பார்க்க இதுவே போதும்.

“கிட்டத்தட்ட” என்று சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. வார்மில் ஸ்டீல் திருகு வெண்கலப் பற்களின் மேல் உரசிக்கொண்டே போகிறது. 30 ரேஷியோவில் திறன், அதாவது உள்ளே போகிற சக்தியில் வெளியே வருகிற பங்கு, சுமார் 75 சதவீதம்தான். முழு லோடில் 550 வாட் வெறும் சூடாகப் போகிறது. அந்தச் சூடு பெட்டியின் வெளிப்பக்கம் வழியாக வெளியேற வேண்டும். எங்கள் இடத்தில் பெட்டியே தெரியாமல் தூள் படியும். அதற்குப் போர்வை போர்த்தியது போல ஆகிவிடும். ஹெலிக்கல் (சாய்வாக வெட்டிய), பெவல் (கூம்பு வடிவ) கியர்களின் பற்கள் பெரும்பாலும் உருண்டு சேர்வதால் திறன் 95 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அதே வேலைக்கு முழு லோடில் மணிக்கு அரை யூனிட் கரண்டுக்குச் சற்றே குறைவாக மிச்சம். நாங்கள் இரண்டு ஷிப்ட் ஓட்டுகிறோம். விலை வார்மைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இருந்தாலும் ஹெலிக்கல் பெவல் என்று முடிவாயிற்று. அதன் கேட்டலாக்கில் சரியாக 30 இல்லை, 29 சொச்சம்தான் இருந்தது. பல சோடிப் பற்களின் எண்ணிக்கையைப் பெருக்கி வகுத்து வருவதால் இப்படி உடைந்த எண்கள் வரும். கன்வேயருக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை.

அடுத்தது சர்வீஸ் ஃபேக்டர், அதாவது லோடு ஏறி இறங்குவதையும் ஓடும் நேரத்தையும் பார்த்து டார்க்கை எத்தனை மடங்கு கூட்டி எடுப்பது என்கிற எண். கழுவிய தூள் தண்ணீர் குடித்துக் கனத்துப் போகும், காய்ந்தது லேசாக இருக்கும். லோடு ஒரே சீராக வராது. கரண்ட் போய் வந்தால் நிறைந்த பெல்ட்டோடுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். 16 மணி நேர ஓட்டத்துக்கு 1.5 எடுத்தோம். 438-ஐ அதால் பெருக்கினால் 657. கேட்டலாக்கில் அதற்கு மேல் உள்ள சைஸைத்தான் பார்த்தோம். மோட்டார் அதே 3 ஹெச்.பி.தான், பெட்டி மட்டும் பெரிதாயிற்று.

பலரும் தாண்டிப் போகிற இடம் ஒன்று உண்டு: ஷாஃப்டின் மேல் விழும் பக்கவாட்டு இழுப்பு. எங்களுடையது செயின் டிரைவ். 1 அங்குல பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி), 19 பல் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) போட்டிருந்தார்கள். அந்த விட்டத்தில் 438 நியூட்டன் மீட்டர் என்றால் ஷாஃப்டை சுமார் 580 கிலோ இழுக்கும். இரண்டு பக்கமும் 27 பல்லாக மாற்றினால் இழுப்பு 410-க்குக் குறைகிறது, வேகம் மாறவில்லை. ஸ்பிராக்கெட்டை ஷாஃப்ட் நுனியில் தொங்கவிடாமல் பேரிங் பக்கமாக நெருக்கி மாட்டினோம். சின்ன ஸ்பிராக்கெட் மலிவு என்பது நிஜம்தான், ஆனால் அந்த மிச்சத்தை அப்புறம் பேரிங்குக்கும் ஆயில் சீலுக்கும் கொடுக்க வேண்டியிருக்கும்.

கரண்ட் போனால் பெல்ட் பின்னோக்கி உருளும். வார்ம் தானே பிடித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். 30 ரேஷியோவில், அதிர்வு இருக்கும் இடத்தில், அதை நம்ப முடியாது. ஹெலிக்கலோ சுத்தமாகப் பிடிக்காது. அதனால் ஷாஃப்ட் பின்பக்கம் சுற்றாமல் தடுக்கிற பேக்ஸ்டாப் வைத்தே ஆர்டர் செய்தோம். சுழலும் திசையை ஆர்டரிலேயே சொல்லிவிட வேண்டும். மாட்டும்போது கப்ளிங்கைக் கழற்றி மோட்டாரை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் இணைத்தோம். ஃபேஸ் மாறி மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் முதல் ஸ்டார்ட்டிலேயே பேக்ஸ்டாப் போய்விடும்.

ஃபிரேமின் சாய்வோடு சேர்த்து பெட்டியையும் சாய்த்து வைத்தால் மேல்பக்க பேரிங்குக்கு ஆயில் எட்டாது. தனியாக ஒரு மட்டமான பேஸ் வெல்டிங் செய்தோம். பெட்டி ஆயில் இல்லாமல்தான் வந்தது. சப்ளையர் சொன்ன வி.ஜி. 220 (எண் ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்வது) ஆயிலை லெவல் பிளக் வரை ஊற்றி, அடைப்பு பிளக்கை எடுத்துவிட்டு, பெட்டிக்குள் காற்று போய்வர விடுகிற ப்ரீதரைப் போட்டோம். அதையும் தூள் அடைக்கிறது; வாரம் ஒருமுறை துடைக்கிறோம். முதல் ஆயிலை 500 மணி நேரத்தில் மாற்றினோம். கொஞ்சம் கருத்திருந்தது, மினுமினுப்பு இல்லை.

கட்டிகளை பேக்கிங்குக்குக் கொண்டுபோகிற சின்ன கன்வேயரில் இன்னும் வார்ம்தான். சாய்வு இல்லை, நாளைக்கு இரண்டு மணி நேரம்கூட ஓடாது. சத்தமும் குறைவு. அதை மாற்றும் எண்ணம் இல்லை.