தண்ணி ஊத்துங்க, எழுதாதீங்க

புதிய சேகரத்துக்கு, அதாவது ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் சபை வட்டத்துக்கு, மாற்றலாகிப் போனதும் பழைய ஐயர் முதலில் கையில் தருவது சாவிக்கொத்து. (எங்கள் தென்பக்கம் புராட்டஸ்டன்ட் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். வெளியூர் நண்பர்கள் இதைக் கேட்டுக் குழம்பியதுண்டு.) அப்புறம் பதிவேடுகள்: ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம். கடைசியாக ஒரு ஃபைலில் சபையின் வாக்காளர் பட்டியல். 28 ஆண்டுகள் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையில் குருவாக இருந்து ஓய்வு பெற்றேன். “பிரசங்கத்தில் அரசியல் மட்டும் வேண்டாம் ஐயா” என்று சொல்லாத சேகரம் ஒன்றுகூட இல்லை. அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் சபைத் தேர்தலில் நின்றவர்கள்.

சபைத் தேர்தலைப் பார்க்காதவர்களுக்கு அதை விளக்குவது சிரமம். திருவிருந்து எடுக்கிறவராக இருக்க வேண்டும், சந்தா பாக்கி இருக்கக் கூடாது, அப்போதுதான் ஓட்டு. அதனால் தேர்தலுக்கு முந்தின மாதம் சந்தா கட்ட வரும் கூட்டத்தைப் பார்த்தால் ஊரில் பக்தி எழுப்புதல் வந்துவிட்டதோ என்று தோன்றும். ஒருமுறை ஒரே ஆள் வந்து முப்பது குடும்பத்துப் பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போனார். ரசீது எழுதி எனக்குக் கை வலித்தது. ஜெயித்து, பல சேகரங்கள் சேர்ந்த திருமண்டலத்தின் பெருமன்றத்துக்குப் போகிறவர்களின் கையில்தான் பள்ளிக்கூடமும் கல்லூரியும் ஆசிரியர் நியமனமும். மிஷனரிகள் பள்ளி கட்டியது எல்லாரும் படிக்க. அதில் வேலை யாருக்கு என்று நாங்கள் அணி பிரிந்தோம். அணிக்கு என்ன பெயர் வைத்தாலும் உள்ளே இருந்தது பெரும்பாலும் சாதிதான்.

நாட்டுத் தேர்தல் இதைவிடச் சுலபம். ஒரு சட்டமன்றத் தேர்தல் சமயம், சபையெல்லாம் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு ஒரு வேட்பாளர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அவருக்காக ஜெபிக்கச் சொல்லிச் செயலர் சீட்டு அனுப்பினார். வழிபாட்டு இடத்தைத் தேர்தல் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நடத்தை விதி இருக்கிறது. அதை மைக்கில் சொன்னால் விருந்தாளி முகம் வாடும். சரி என்று தொகுதியில் நின்ற அத்தனை வேட்பாளர்களுக்காகவும் பெயர் சொல்லி ஜெபித்தேன், சுயேச்சைகள் உட்பட. செயலர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியது. ஞானஸ்நானப் பதிவேடு அப்படி இல்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கைக்குழந்தையோடு ஓர் அம்மா குருமனைக்கு வந்தார். கிழக்குத் தெருக்காரர். ஆராதனைக்கு ஒரு வாரம் தவறாதவர், ஆனால் எப்போதும் பின்வரிசை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “ஐயா, பிள்ளைக்குத் தண்ணி ஊத்துங்க. நோட்டுல மட்டும் எழுதாதீங்க” என்றார். மூத்த மகனுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டபோது அவன் கோவிலுக்குப் போகிற பையன்தானா என்று தெருவில் விசாரித்தார்களாம். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ஒரு பெயர், வீட்டில் இன்னொரு பெயர்.

அந்த அம்மா சட்டம் படித்தவர் இல்லை. ஆனால் 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை அவர் வீட்டுக்குள் என்ன செய்கிறது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது அந்த ஆணை. சீக்கியர்களுக்கு 1956இலும் பௌத்தர்களுக்கு 1990இலும் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களுக்கு இன்னும் இல்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஆனால் பட்டியல் சாதிக்கான தொகுதியில் நிற்க முடியாது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இவர்களைக் காக்காது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்றுத் தேவாலயத்துக்குப் போய்வருகிறவர் இந்து என்று சொல்லிச் சான்றிதழ் கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதைச் செய்தித்தாளில் படித்தபோது எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் நினைவுக்கு வந்தது. என் கையெழுத்து போட்ட ஒரு பக்கம் யாருக்கு எதிராக எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஆகஸ்ட் 10ஐச் சபைகள் கறுப்பு நாளாக அனுசரிக்கின்றன. ஒரு வருடம் அதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை இந்த ஆணையைப் பற்றிப் பிரசங்கித்தேன். வாசலில் கைகுலுக்க வந்த கமிட்டி உறுப்பினர், “நம்ம சபையில் சாதியே இல்லையே, எதற்கு இதையெல்லாம் கிளறணும்?” என்று கேட்டார். அதே சபையின் கல்லறைத் தோட்டத்தில் கிழக்குத் தெருவுக்கு ஓர் ஓரம் ஒதுக்கி நடுவில் வேலி போட்டிருந்தது. மதம் மாறினாலும் சாதிக் கொடுமை தீரவில்லை என்று நாங்கள் டெல்லியில் மனுக் கொடுக்கிறோம். ஊருக்குத் திரும்பினால் சாதி இல்லை என்கிறோம். அரசாங்கத்தைத் திட்டுவதில் எனக்குத் தயக்கம் இல்லை, ஆனால் இதற்கு அரசாங்கம் என்ன செய்யும்?

புதுக்கதையும் இல்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விட மனமில்லாமல் சபையை விட்டுப் போனார்கள். என் காலத்தில் யாரும் போகவில்லை. வேலியை எடுக்கும் தீர்மானத்தைக் கமிட்டியில் மூன்று தடவை கொண்டுவந்தேன், மூன்று தடவையும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். நான்காவது தடவைக்கு முன் மாற்றல் வந்தது.

அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தேனா என்று கேட்பீர்கள். பதிவேட்டில் எழுதாமல் கொடுப்பது சபை ஒழுங்குக்கு விரோதம். அதற்கு மேல் இங்கே சொல்லப் போவதில்லை.

அந்தச் சேகரத்தை விட்டுக் கிளம்பிய அன்று புது ஐயர் வந்து உட்கார்ந்தார், இளைஞர். சாவி கொடுத்தேன், பதிவேடுகளைக் கொடுத்தேன். மொத்தம் எத்தனை பேர் அங்கத்தினர் என்று கேட்டார். நோட்டில் இருந்த எண்ணிக்கையைச் சொன்னேன். பின்வரிசையில் இன்னும் சில குடும்பங்கள் உண்டு, அவர்களையும் மறக்காமல் போய்ப் பாருங்கள் என்றேன். பெயர்களைச் சொல்லுங்கள் என்று பேனாவைத் திறந்தார்.

மூடச் சொல்லிவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு கிழக்குத் தெருவுக்கு நடந்தேன்.