கொன்சாகா குடும்ப மரம்: நாலாவது சார்ட் வரை வந்தாயிற்று

எங்கள் தாத்தா பெயர் ஞானப்பிரகாசம். ஜூன் 21 வந்தால் வீட்டில் பாயசம் உண்டு, அது புனித ஞானப்பிரகாசியார் திருநாள். அந்தப் புனிதர் இத்தாலியில் லூயிஜி கொன்சாகா என்ற பெயரில் பிறந்தவர், நாம் சொல்லும் அலோசியுஸ் என்பது அதே லூயிஜியின் லத்தீன் வடிவம் என்பதெல்லாம் எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தெரிந்த பிறகு அவருடைய குடும்பத்தைத் தேடிப் போனேன். வட இத்தாலியில் மாந்துவா நகரத்தை 1328 முதல் கிட்டத்தட்ட 380 வருஷம் ஆண்ட குடும்பம் அது. படிக்கப் படிக்க யார் யாருக்குப் பிள்ளை என்பதே குழம்பிப் போனதால், மொத்தக் குடும்ப மரத்தையும் கையால் வரைந்து சுவரில் ஒட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். மூன்று மாதம் ஆகிறது. இதுவரை செய்ததை எழுதி வைக்கிறேன்.

முதல் சார்ட்டை நெட்டுவாக்கில் வைத்து மேலிருந்து ஆரம்பித்தேன். உச்சியில் முதலாம் லூயிஜி. கொன்சாகா என்பது முதலில் ஓர் ஊரின் பெயர்தான், அங்கே நிலம் வைத்திருந்த இவர்கள் அதையே குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். அப்போது மாந்துவாவை ஆண்டவர்கள் பொனகொல்சி குடும்பத்தார். 1328 ஆகஸ்ட் 16 அன்று லூயிஜியும் அவர் பிள்ளைகளும், வெரோனாவின் அதிபதி கான்கிராந்தே கொடுத்த உதவியோடு நகரத்துக்குள் சண்டை போட்டு, பொனகொல்சி தலைவரைக் கொன்று ஆட்சியைப் பிடித்தார்கள். லூயிஜிக்கு அப்போது அறுபது வயது இருக்கும். அங்கிருந்து மகன் குயிதோ, பேரன் லுடோவிகோ, அவர் மகன் பிரான்செஸ்கோ, அவர் மகன் ஜான்பிரான்செஸ்கோ என்று ஒற்றைக் கோடாக இறங்கியது வேலை. சுலபமாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

1478இல் காகிதம் போதவில்லை.

அந்த ஜான்பிரான்செஸ்கோவின் மகனும் அந்த வருஷம் இறந்தவருமான மூன்றாம் லுடோவிகோவுக்கு ஐந்து ஆண் பிள்ளைகள், நாடு ஐந்து பேருக்கும் பங்கு போனது. மூத்தவர் ஃபெதெரிகோவுக்கு மாந்துவா. தாத்தா பெயரே கொண்ட ஜான்பிரான்செஸ்கோவுக்கு சப்பியோனேத்தா, போட்சோலோ பக்கம். ரொடோல்ஃபோவுக்கு கஸ்திலியோனே. மற்ற இரண்டு பேர் திருச்சபைக்குப் போனவர்கள், ஒருவர் கர்தினால். ஒரு வயலை அண்ணன் தம்பிகள் வரப்பு போட்டுப் பிரித்தது மாதிரிதான், ஆனால் இங்கே ஒவ்வொரு வரப்புக்குள்ளும் ஒரு கோட்டை, ஓர் அரசவை, புனித ரோமப் பேரரசரோடு நேரடி ஒப்பந்தம் எல்லாம் உண்டு. நெட்டுவாக்கில் வைத்த சார்ட்டில் இந்த ஐந்து பெட்டிகளையும் நெருக்கி எழுதினால் அடுத்த தலைமுறைக்கு இடமே இல்லை. கழற்றி வைத்துவிட்டு, இரண்டு சார்ட்டைக் குறுக்குவாக்கில் ஒட்டி மறுபடி தொடங்கினேன். யாராவது இப்படி வரைவதாக இருந்தால் மேலிருந்து வராதீர்கள், எந்தத் தலைமுறையில் பெட்டிகள் அதிகமோ அந்த வரிசையை முதலில் பென்சிலில் போட்டுவிட்டு மேலும் கீழும் போங்கள்.

இரண்டாவது சார்ட்டில் சிக்கல் பெயரில் வந்தது. இந்த மூன்றாம் லுடோவிகோவைச் சிலர் இரண்டாம் லுடோவிகோ என்று எழுதுகிறார்கள். இரண்டு பேர் என்று நினைத்து இரண்டு பெட்டி போட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் ஒரே ஆள் என்று புரிந்தது. லூயிஜி, லுடோவிகோ இரண்டும் ஒரே பெயர்தான். 1328இல் நகரத்தைப் பிடித்த லூயிஜியை முதலாம் லுடோவிகோ என்று எண்ணினால் கணக்கு மூன்றில் வரும், எண்ணாவிட்டால் இரண்டில் நிற்கும். இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, ஏன் என்றால் அந்தக் கணக்கின்படி வாள் எடுத்து நகரத்தைப் பிடித்த முதல் ஆளுக்கும், வந்த சொத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த புனிதருக்கும் பெயர் ஒன்றே. தமிழில் சொன்னால் இரண்டு பேரும் ஞானப்பிரகாசம். மரத்தின் உச்சிப் பெட்டியிலும் கீழே புனிதரின் பெட்டியிலும் அதே பெயரை ஒரே மையில் எழுதினேன்.

மூன்றாம் லுடோவிகோவை முகம் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மாந்துவா அரண்மனையில் ஒரு சின்ன அறை முழுக்க ஓவியர் மாந்தேன்யா வரைந்து 1474இல் முடித்த சுவரோவியம் இருக்கிறது. அதன் படத்தைப் பெரிதாக அச்செடுத்து மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். லுடோவிகோ நாற்காலியில் உட்கார்ந்து, கையில் ஒரு கடிதத்தோடு பக்கத்தில் குனியும் ஆளிடம் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார். நாற்காலிக்கு அடியில் அவருடைய நாய் சுருண்டு படுத்திருக்கிறது. நடுவில் ஜெர்மனியிலிருந்து வந்த மனைவி பார்பரா, சுற்றிலும் பிள்ளைகள். பார்பராவுக்குப் பின்னால் நிற்கும் இளைஞன் ரொடோல்ஃபோ என்று ஆய்வாளர்கள் அடையாளம் சொல்கிறார்கள். அவர்தான் ஞானப்பிரகாசியாரின் கொள்ளுத்தாத்தா. இது என் சார்ட்டில் கோடு வரைந்து விரலால் எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ரொடோல்ஃபோ, அவர் மகன் லூயிஜி அலெஸ்ஸாந்த்ரோ, அவர் மகன் ஃபெரான்தே, அவர் மூத்த மகன் 1568இல் பிறந்த நம்ம லூயிஜி. ரொடோல்ஃபோ 1495இல் ஃபொர்னோவோ போரில் பிரெஞ்சுப் படையோடு மோதி இறந்தபோது லூயிஜி அலெஸ்ஸாந்த்ரோ கைக்குழந்தை. அந்தக் கோடு அவ்வளவு மெல்லிசாக வந்திருக்கிறது.

மூன்றாவது சார்ட் ஏன் தேவைப்பட்டது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். அதுவரை நான் ஆண்களை மட்டும் எழுதிக்கொண்டு வந்தேன், அச்சில் பார்த்த மரங்கள் பலவும் அப்படித்தான் இருந்தன. 1627க்கு வந்ததும் மரம் புரியாமல் போனது. முதலாம் வின்சென்சோவுக்கு (இசையமைப்பாளர் மோந்தெவெர்தியின் ஓர்ஃபெயோ என்ற ஓபரா 1607இல் அரங்கேறியது இவர் அரசவையில்தான், ரூபன்ஸ் ஓவியராக வேலை பார்த்ததும் இவரிடம்தான்) மூன்று மகன்கள் ஒருவர் பின் ஒருவராக ஆட்சிக்கு வந்து, 1627 டிசம்பரில் கடைசி மகனும் வாரிசில்லாமல் போய்விட்டார். அப்புறம் திடீரென்று பிரான்சிலிருந்து நெவேர் கோமகன் கார்லோ வந்து உட்காருகிறார். எப்படி? அவருடைய அப்பா மாந்துவாவின் ஓர் இளைய மகன், பிரான்சுக்குப் போய் ஹென்ரியெத் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்ததால் நெவேர் கிடைத்தது. மூத்த கிளையில் மிச்சமிருந்த ஒரே வாரிசு மரியா என்ற பெண், அவளைக் கடைசிக் கோமகன் சாகும் தருவாயில் கார்லோவின் மகனுக்கு அவசரமாகக் கட்டிவைத்தார்கள். இன்னும் பின்னால் போனால், 1536இல் மோன்ஃபெர்ராதோ நாடு இவர்களுக்கு வந்ததும் மார்கெரித்தா பாலெயோலொகா என்ற மருமகள் வழியாகத்தான். மூன்று பெண்களை விட்டுவிட்டால் மூன்று நாடுகள் எங்கிருந்து வந்தன என்றே சொல்ல முடியாது. பெண்களை எழுதாத வம்ச மரம் பாதி மரம்கூட இல்லை என்பது என் உறுதியான எண்ணம். எல்லாவற்றையும் அழித்து, பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குக் கட்டம், திருமணத்துக்கு இரட்டைக் கோடு என்று மறுபடி போட்டேன்.

அந்த 1627 மாந்துவாவுக்கு என்ன கொண்டுவந்தது என்பதை எழுதும்போது கை தயங்கியது. வாரிசுச் சண்டை போராக மாறி, 1630 ஜூலையில் பேரரசரின் படை நகரத்தைப் புகுந்து கொள்ளையடித்தது, கூடவே கொள்ளைநோய். ஓவியங்களில் நல்லவை பல அதற்கு முன்பே இங்கிலாந்து அரசர் சார்லசுக்கு விற்கப்பட்டுவிட்டன. மாந்தேன்யா வரைந்த சீசரின் வெற்றி ஊர்வலம், ஒன்பது பெரிய படங்கள், இன்றும் இங்கிலாந்து அரச சேகரிப்பில் இருக்கின்றன.

நாலாவது சார்ட்தான் இப்போது சுவரில் இருப்பது. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு நிறம்: மாந்துவா சிவப்பு, கஸ்திலியோனே நீலம், சப்பியோனேத்தா பச்சை, குவாஸ்தல்லா காவி. மூலையில் குடும்பச் சின்னம். 1433இல் பேரரசர் சிகிஸ்மண்ட் இவர்களை மார்க்கீஸ் என்ற பட்டமுள்ள பிரபுக்கள் ஆக்கியபோது கொடுத்தது, வெள்ளைத் தளத்தில் சிவப்புச் சிலுவை, நாலு மூலையிலும் கறுப்புக் கழுகு. வாட்டர் கலரில் சிலுவையைப் போட்ட உடனே கழுகுக்குப் போனேன், சிவப்பு ஈரமாக இருந்ததால் கறுப்பு ஊறி ஒரு கழுகின் இறக்கை சிலுவைக்குள் போய்விட்டது. தனித்தாளில் முதலில் கழுகுகளை இந்தியன் இங்க்கில் வரைந்து, ஒரு நாள் காயவிட்டு, பிறகு சிவப்பு வைத்து வெட்டி ஒட்டினேன். சரியாக வந்தது.

நீலக் கோட்டைப் பற்றி ஒன்று. லூயிஜி மூத்த மகன், கஸ்திலியோனே அவருக்குத்தான் வரவேண்டும். அது பேரரசின் கீழ் இருந்த நிலம் என்பதால் வேண்டாம் என்று சொல்லக்கூடப் பேரரசரின் சம்மதம் தேவை. அப்பா வருஷக்கணக்கில் மறுத்தார். கடைசியில் 1585 நவம்பரில் தம்பி ரொடோல்ஃபோவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ரோமில் இயேசு சபையில் சேர்ந்தார். அந்தத் தம்பிக்கும் மாந்துவாக் கோமகனுக்கும் சொல்ஃபெரினோ என்ற ஊருக்காகத் தகராறு முற்றியபோது, சமாதானம் பேச ரோமிலிருந்து வந்தவரும் இவரே. 1591இல் கொள்ளைநோய்க்காரர்களைத் தோளில் தூக்கிப் பராமரித்து அந்த நோயிலேயே இறந்தார், வயது 23. தம்பி ரொடோல்ஃபோ 1593இல் கொலை செய்யப்பட்டார். 1478இல் போட்ட வரப்புகளை ஒரு சார்ட்டில் வரைந்து பார்த்த பிறகு, அந்தப் பையன் எதை வேண்டாம் என்றான் என்பது எனக்கு முதல் தடவையாகப் புரிந்தது. சின்ன வயதில் கேட்ட பிரசங்கங்களில் பட்டாடை, கிரீடம் என்றுதான் சொல்வார்கள். பெட்டிகளுக்கு நடுவே எத்தனை சண்டை இருந்தது என்று யாரும் சொன்னதில்லை.

இனி பாக்கி: சிவப்புக் கோடு 1708இல் முடிகிறது, கடைசிக் கோமகன் நாட்டை இழந்து பாதுவாவில் இறந்தார், மாந்துவா ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் கைக்குப் போனது. அதை வரைந்தாயிற்று. நொவெல்லாரா கிளை 1728 வரையும், குவாஸ்தல்லா 1746 வரையும் ஓடுகின்றன, நொவெல்லாராவில் பாதிப் பெண்களின் வட்டங்கள் இன்னும் காலி. வெஸ்கோவாதோ கிளை இன்றும் வாழ்கிறது, அதனால் அந்தக் கோட்டின் முனையை மூடாமல் சார்ட்டின் விளிம்பு வரை இழுத்து விட்டிருக்கிறேன். அம்மா நேற்று கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து, "ஞானப்பிரகாசியார் எங்கேடா?" என்று கேட்டார். நீலக் கோட்டில் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அவருடைய அம்மா பெயர் என்ன என்று கேட்டார். மார்த்தா, பக்கத்து வட்டத்திலேயே இருந்தது.