பாதி வீட்டுக்கு முழு வீட்டுப் படம்

நான்கு ஜன்னல். மாட்டும் வேலை இரண்டே நாள். அனுமதி வாங்கி மாட்டி முடிக்க எட்டு மாதம்!

இங்கிலாந்தின் தெற்கே ஒரு சின்னக் கிராமத்தில், நடுச்சுவர் பொதுவாக ஒட்டிக் கட்டிய இரட்டை வீட்டில் ஒரு பாதியில் இருக்கிறோம்; இங்கே அதற்கு செமி-டிடாச்டு என்று பெயர். செமி-டிடாச்டு என்றதும் 1930களின் நகரத்து வீட்டை நினைக்காதீர்கள். 1780 வாக்கில் ஒரு பிரபு தன் மாளிகைக்கு இடைஞ்சல் என்று பழைய ஊரையே காலிசெய்து, தள்ளிப் புதிதாகக் கட்டிய மில்டன் ஆபஸ் கிராமத்துக்குப் போனவர்களுக்குப் புரியும். அங்கே 36 வீடுகளும் அச்சில் வார்த்தமாதிரி. ஒவ்வொன்றிலும் இரண்டு குடும்பம் என்று கணக்கு. எங்கள் வீடும் அந்த ஜாதிதான்: மண்ணும் வைக்கோலும் மிதித்துக் கட்டிய சுவர், வேய்ந்த கூரை, பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களின் பட்டியலில் கிரேடு டூ.

முதலில் வந்த மேஸ்திரி, "பழையதைப் போலவே மாற்றினால் அனுமதி எதற்கு?" என்றார். நல்லவேளை, அவர் பேச்சைக் கேட்கவில்லை. பட்டியலில் உள்ள கட்டடத்தின் தன்மையை அனுமதியில்லாமல் மாற்றினால் அபராதத்தோடு போகாது, கிரிமினல் குற்றம்.

உள்ளூர் கவுன்சிலிடம் போடும் இந்த அனுமதி விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. ஆறுதல் அவ்வளவுதான். படம் வரைபவருக்குக் கொடுத்து மாளவில்லை. இரண்டு வாரம் கழித்து "செல்லாது" என்று பதில் வந்தது. காரணம் ஒரே வரி: முகப்புப் படம் முழுமையாக இல்லை. போன் அடித்தால் பதிவுக்குரல். அரைநாள் லீவு போட்டுக் காரில் போனால், என் விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி செவ்வாயும் வியாழனும்தான் வருவாராம். நான் போனது புதன்!

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. பட்டியலில் இரண்டு வீடும் சேர்ந்து ஒரே பதிவு. என் பாதியை மட்டும் வரைந்தால், இரு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று எப்படிப் பார்ப்பார்கள்? முதலிலேயே உங்கள் பதிவை இணையத்தில் எடுத்துப் படித்துவிடுங்கள். கவுன்சில் முடிவு சொல்வதற்கான எட்டு வாரக் கெடுவும் விண்ணப்பம் செல்லும் என்று ஏற்ற பிறகுதான் ஓட ஆரம்பிக்கும்.

பக்கத்து வீட்டுப் பாட்டி அளவெடுக்க விட்டதோடு, கொட்டகையிலிருந்து ஒரு பழைய ஜன்னல் சட்டத்தையும் இழுத்து வந்தார். கண்ணாடிகளுக்கு நடுவே ஓடும் மரக்கம்பி 16 மில்லிமீட்டர்தான், என் சுண்டுவிரல் கனம். எனக்கு முன்பிருந்தவர் மாட்டிய ஜன்னலில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரட்டைக் கண்ணாடி கேட்டிருந்தேன். அவ்வளவு மெல்லிய கம்பி அதைத் தாங்காது என்று அதிகாரி மறுத்தார். சரி, வெளியே ஒற்றைக் கண்ணாடி, உட்பக்கம் கழற்றி மாட்டும் தனிக் கண்ணாடி என்று மாற்றிக் கேட்டேன். மூன்று வாரம் தாமதமாக அனுமதி வந்தது. குளிரும் நின்றது.

ஜன்னல் மாட்டிய மறுநாள் பாட்டி வந்து, தன் பக்கத்துக்கும் விண்ணப்பிக்கலாமா என்றார். என் படத்தையே எடுத்துக் கொடுத்தேன். அவர் பாதி ஏற்கெனவே அதில் இருக்கிறதே.